தேகத்தின் கணக்கு

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட அவை, ஊர் வாரியங்களுக்கு அங்கத்தினரைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுத்த முறையை விரிவாகக் கூறுகின்றன. நம் அன்பர்கள் பலர் அவற்றைப் பற்றிக் கேட்டிருப்பர். அவற்றுள் ஒரு விதி கூட்டுறவாளராகிய நமக்குப் பெரிதும் உரியது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமற் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பதே அவ்விதி. கணக்குக் காட்டாதவன் தவறு அவனோடு நிற்பதில்லை, அவன் குடும்பத்தையும் சாரும் என்று நம் முன்னோர் கண்டிருந்தனர்.

இன்று நம் சங்கங்களிலும் கணக்கு ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்படுகிறது. பட்டு எவ்வளவு வந்தது, ஜரிகை எவ்வளவு சென்றது, பயிர்க்கடன் எவ்வளவு வசூலாயிற்று என்று ஒரு காசு தவறாமல் பார்க்கின்றோம். ஆயினும் ஒரு கணக்கை மட்டும் நம்மில் அநேகர் திறந்து பார்ப்பதே இல்லை. அது நம் சொந்தத் தேகத்தின் கணக்கு.

அதன் விளைவை நாம் அறிவோம். ஐம்பது வயதுகூட நிரம்பாத ஒருவர் விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். இன்னொருவர் வயலிலிருந்து திரும்பும்போது ஒரு கையும் ஒரு காலும் செயலற்று விழுகிறார். வீட்டில் கூடியவர்கள் சொல்வது ஒரே வாசகம்தான்: “நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தார்!” நேற்றுவரை நன்றாக இருந்ததுபோல் தோன்றினார் என்பதே உண்மை. உள்ளே கடன் பல்லாண்டுகளாக ஏறிக்கொண்டிருந்தது. சீட்டை யாரும் பார்க்கவில்லை. அவர் போனபின் தறி ஓய்கிறது, அல்லது நிலம் குத்தகைக்குப் போகிறது. பாக்கி அனைத்தும் மனைவி மக்கள் தலையில் விழுகிறது.

நம் மாநிலத்தில் 2020-ஆம் ஆண்டு நடத்தப்பெற்ற ஆய்வொன்றில், வயது வந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பது தெரிய வந்தது. அப்படி நோயுள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் நூற்றுக்கு 7 பேர் அளவே. எஞ்சியோரில் பலருக்குத் தமக்கு அந்நோய் இருப்பதே தெரியாது. மூன்று தறிகள் உள்ள ஒரு தெருவில் ஒரு தறிக்காரருக்கு இது இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அளவு நமக்கு விளங்கும்.

இரத்தக் கொதிப்பு என்பது யாது?

இரத்தக் கொதிப்பு என்று நாம் வழக்கமாகச் சொல்வதில் இரத்தம் கொதிப்பதுமில்லை, சூடேறுவதுமில்லை. கோபக்காரருக்கு மட்டும் வருவதுமன்று. கிணற்று மோட்டாரிலிருந்து வயலுக்கு நீர் செல்லும் குழாயை நினைத்துக்கொள்வோம். நீர் ஓடும்போது குழாயின் உட்சுவரை அது அழுத்துகிறது. அழுத்தம் அளவோடு இருந்தால் குழாய் நெடுங்காலம் உழைக்கும். மிகுந்தால் இணைப்புகள் கசியும், குழாய் வெடிக்கும், மோட்டாரும் திணறும். நம் தேகத்தில் இருதயமே மோட்டார், இரத்த நாளங்களே குழாய். இருதயம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் மிகையான அழுத்தத்தோடு நிகழுமானால் நாளங்களின் உட்சுவர் சிறிது சிறிதாகக் கெடும். கெட்ட இடத்தில் கொழுப்புப் படியும், நாளம் குறுகும். இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளம் அடைபட்டால் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் நாளம் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம். சிறுநீரகமும் கண்ணும்கூட இதனால் பழுதுபடும்.

அழுத்தத்தை இரண்டு எண்களால் குறிப்பர். இருதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் எண். அது விரிந்து ஓயும்போது உள்ளது கீழ் எண். 120-க்கு 80 என்பதற்குக் கீழ் இருப்பது நல்ல நிலை. பல நாட்கள் முறையாக அளந்தும் மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, அதற்கு மேலும் காணுமாயின் அது இரத்தக் கொதிப்பு நோய். இடைப்பட்ட அளவு எச்சரிக்கை.

இதில் மிகவும் அபாயமானது யாதெனில், இந்நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. தலைவலி, மயக்கம், படபடப்பு வந்தால்தான் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பலர் நம்புகின்றனர். அது பிழை. 170 அளவு அழுத்தத்தோடு ஒருவர் தறியில் அமர்ந்து நெய்துகொண்டிருப்பார், ஒன்றும் தெரியாது. பல்வலி வந்தால் அன்றே வைத்தியரைத் தேடுகிறோம். வலியில்லாத இந்நோயைத் தேடிச் செல்வது அளவுக் கருவி ஒன்றே.

அறியப்பட்ட வரலாறு

இவ்வளவு எளிய உண்மையை உலகம் அறிந்துகொண்டது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்க ஜனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டின் அழுத்தம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி வந்தது. 1944-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அது 186-க்கு 108 ஆக இருந்தது. அப்படியிருந்தும் அவர் தம் வயதுக்கு நல்ல சுகத்தோடு இருப்பதாகவே மக்களுக்குச் சொல்லப்பட்டது. வயதானால் அழுத்தம் ஏறுவது இயற்கை என்ற எண்ணம் அக்கால வைத்தியர் பலரிடமும் இருந்தது. 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி அவர் மூளையில் இரத்தம் கசிந்து மாண்டார். அன்று அளந்தபோது அழுத்தம் 300-க்கு 190. உலகிலேயே சிறந்த வைத்திய வசதி பெற்றிருந்தவர் ஒருவரின் கதை இது.

அதன்பின் 1948-ஆம் ஆண்டு அந்நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரேமிங்காம் என்னும் ஊரில் 5,209 ஆண் பெண்களைத் தேர்ந்து, அவர்களுடைய வாழ்வை ஆண்டுக்கணக்கில் கண்காணித்து வரத் தொடங்கினர். நோய் வந்தபின் ஆராயாமல், நோய் வருமுன்பே ஒவ்வொருவரின் அழுத்தம், எடை, புகைப்பழக்கம், இரத்தக் கொழுப்பு முதலியவற்றைக் குறித்து வைத்தனர். பின்னர் யாருக்கு மாரடைப்பு வந்தது, யாருக்கு வரவில்லை என்று ஒப்பிட்டனர். மாரடைப்பு விதியின் விளையாட்டன்று, அதற்கு முன்னறிவிப்புகள் உண்டு என்பது தெளிவாயிற்று. 1961-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை ‘அபாயக் காரணிகள்’ என்னும் சொற்றொடரை வைத்திய உலகில் பரப்பியது. உண்மையில் அவர்கள் செய்தது பேரேடு எழுதியதே ஆகும்.

பிதுரார்ஜிதக் கடனும் சுயார்ஜிதக் கடனும்

அபாயக் காரணிகளை இருவகையாகப் பிரிக்கலாம். நம்மால் மாற்ற இயலாதவை ஒருவகை. அவற்றைப் பிதுரார்ஜிதக் கடன் எனலாம். வயது ஏறுதல் அவற்றுள் முதலாவது. தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன்னரும், தாய்க்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65 வயதுக்கு முன்னரும் மாரடைப்பு வந்திருப்பின் அது இரண்டாவது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வரை அபாயம் சற்றுக் குறைவு, பின்னர் அது ஏறும். கர்ப்ப காலத்தில் இரத்தக் கொதிப்போ நீரிழிவோ கண்டிருந்த தாய்மார்கள், குழந்தை பிறந்தபின் எல்லாம் சரியாயிற்று என்று மறந்துவிடலாகாது. பிற்காலத்தில் அவர்களுக்கு இருதய நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஆதலின் பிரசவக் குறிப்புகளைப் பத்திரப்படுத்தி வைத்தியரிடம் காட்டுதல் நன்று.

நாம் தென்னாசியர் என்பதும் இக்கடனில் ஒரு பற்று. 52 நாடுகளில் நடத்தப்பெற்ற பேராய்வு ஒன்றின் விவரங்கள் 2004-இல் வெளியாயின. அதன் தொடர்ச்சியாக 2007-இல் வெளியான கணக்கின்படி, முதல் மாரடைப்பு வரும் நடு வயது தென்னாசியரிடையே 53. மற்ற நாட்டவரிடையே அது ஏறக்குறைய 59. ஆறு ஆண்டுகள் முந்துகிறது. மகளுக்கு மணம் பேசும் வயது, மகன் தொழிலில் நிலைபெறாத வயது அது.

இரண்டாவது வகை சுயார்ஜிதக் கடன். அதாவது நாமே ஏற்றிக்கொள்வதும் நம்மால் தீர்க்கக்கூடியதும் ஆகும். புகையிலை, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இரத்தத்தில் கெட்ட கொழுப்பு, வயிற்றுப் பருமன், உடலுழைப்புக் குறைவு, காய்கனி குறைந்த உணவு, மது, ஓயாத மனக்கவலை ஆகியவை அவை. மேற்கூறிய பேராய்வில், மாரடைப்பு அபாயத்தின் பத்தில் ஒன்பது பங்குக்கு இத்தகைய ஒன்பது காரணிகளே கணக்குச் சொல்லிவிட்டன. பிதுரார்ஜிதக் கடன் பெரிதாக உள்ளவர் மனம் தளர வேண்டுவதில்லை. சுயார்ஜிதக் கடனில் அவர் மற்றவரைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

வட்டிக்கு வட்டி

இங்கேதான் நம் அங்கத்தினர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இக்காரணிகள் ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகின்றன. அதே ஆய்வின்படி, புகைப்பவருக்கு மாரடைப்பு வாய்ப்பு புகையாதவரைப்போல் ஏறக்குறைய 2.9 மடங்கு. நீரிழிவு உள்ளவருக்கு 2.4 மடங்கு. இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு 1.9 மடங்கு. மூன்றும் ஒருவரிடமே இருந்தால் எவ்வளவு? கூட்டினால் ஏழு வரும். ஆனால் ஆய்வில் கண்டது 13 மடங்கு. மூன்று எண்களையும் பெருக்கிப் பார்த்தால் அதே விடை வரும். வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப் பற்றிக் கூட்டுறவாளருக்கு நாம் சொல்லித் தர வேண்டுவதில்லை.

ஓர் உதாரணம் காண்போம். 52 வயதுள்ள இருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நெசவாளர். அவர் அழுத்தத்தின் மேல் எண் 150. புகையிலை தொடுவதில்லை, நீரிழிவு இல்லை, பெற்றோர் நெடுங்காலம் வாழ்ந்தனர். மற்றவர் விவசாயி. அவருக்கு மேல் எண் 144. ஆனால் பீடி உண்டு, நீரிழிவு உண்டு, தந்தை 50 வயதில் மாரடைப்பால் இறந்தார். அழுத்தத்தை மட்டும் பார்த்தால் நெசவாளரே பெரிய நோயாளி என்று தோன்றும். முழுக் கணக்கையும் பார்த்தால் விவசாயியே பெரும் அபாயத்தில் இருக்கிறார். ஆகவே “அவருக்கு என்னைவிட அதிகம், அவரே நன்றாக நடமாடுகிறார்” என்று அடுத்த வீட்டாரைப் பார்த்து ஆறுதல் கொள்வது அறிவுடைமையன்று. அவர் பேரேடு வேறு, நம் பேரேடு வேறு.

இதில் மகிழ்ச்சிக்குரிய மறுபக்கமும் உண்டு. பெருகி ஏறும் கடன் இறங்கும்போதும் பெருமளவில் இறங்கும். அழுத்தத்தின் மேல் எண்ணில் 10 குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருநோய்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. புகையை விட்டொழித்தவருக்கு ஓராண்டிலேயே இருதய நோய்க்கான மிகை அபாயம் பாதியளவு தணிகிறது.

தறியிலும் வயலிலும்

நாங்கள் உழைப்பாளிகள், எங்களுக்கு இந்நோய் ஏன் வரவேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குழித்தறியில் அமர்ந்து நெய்பவரின் கையும் காலும் ஓயாது இயங்குவது உண்மை. ஆனால் இருதயத்துக்கு வேண்டிய உழைப்பு வேறு. மூச்சு சற்று வாங்கும்படி விரைந்து நடத்தல் போன்றவை அதற்கு வேண்டும். நாள் முழுதும் ஒரே இடத்தில் குனிந்து அமர்ந்திருப்பது அதைத் தருவதில்லை. வயலிலோ, உழவும் அறுப்பும் இயந்திரத்தால் நடைபெறும் இந்நாளில், நடவுக்கும் அறுப்புக்கும் இடையில் பல வாரங்கள் விவசாயிக்கு நடையே குறைந்துவிடுகிறது. ஆகவே இரு தொழிலாரும் வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது நாளொன்றுக்கு அரைமணி வீதம் ஐந்து நாட்கள், விரைந்து நடத்தல் வேண்டும். விடியற்காலையில் ஏரிக்கரை வரை சென்று வந்தால் போதும். காசு செலவில்லை.

வெற்றிலைபாக்கோடு புகையிலை மெல்வது தறிக்காரரிடையே நெடுநாள் வழக்கம். துணியில் பொறி விழும் என்று பீடியைத் தவிர்த்து, மெல்லும் புகையிலையால் கெடுதலில்லை என்று எண்ணுவோர் உண்டு. மேற்கூறிய ஆய்வில் புகையிலை மெல்பவருக்கும் மாரடைப்பு வாய்ப்பு இரு மடங்குக்கு மேலாகவே காணப்பட்டது. வாய்ப்புற்றுநோயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டுவதில்லை.

இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரைகள் மற்றொன்று. டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளை நாள்தோறும் உட்கொண்டால் இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகமும் கெடும். அழுத்தத்துக்கு உண்ணும் மாத்திரையின் பயனையும் அவை குறைத்துவிடும். குனிந்து செய்யும் தொழிலில் வலி வருவது இயல்பே. ஆனால் வலி மாத்திரை நித்திய உணவாகிவிடலாகாது. அதை உட்கொள்வதை வைத்தியரிடம் மறைக்கவும் கூடாது.

மனக்கவலையையும் அற்பமாக எண்ணலாகாது. மேற்கூறிய பேராய்வு, பண நெருக்கடி உட்பட்ட மனவேதனையையும் மாரடைப்புக் காரணிகளில் ஒன்றாகக் கண்டது. பண்டிகைக் காலத்தில் இரவு முழுதும் விழித்து நெய்வதும், தனியாரிடம் வட்டிக்கு வாங்கிய பணத்தை எண்ணி உறங்காதிருப்பதும் தேகத்தைத் தொடும். அந்த வட்டிப் பிடியிலிருந்து உழைப்பாளரை மீட்கவே கூட்டுறவு இயக்கம் நம் நாட்டில் 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வேர்கொண்டது. கடனைச் சங்கத்தில் முறையாகப் பெற்று முறையாகத் தீர்ப்பது இருதயத்துக்கும் நன்மையே.

உப்பின் கணக்கு

உணவில் முதலில் பார்க்க வேண்டியது உப்பு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அது ஒரு தேக்கரண்டி அளவு. நம் வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்பதை அறியப் பெரிய சோதனை வேண்டுவதில்லை. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு நாளைக்கு 25 கிராம், மாதத்துக்கு 750 கிராம் என்பதே மேல்வரம்பு. மாதம் ஒரு கிலோ பாக்கெட் ஒன்று தீர்ந்து, இரண்டாவதும் பிரிக்கப்படுமானால் அழுத்தம் ஏறுவதற்கு ஒரு காரணம் அடுப்படியிலேயே இருக்கிறது என்று கொள்ளலாம்.

இக்கணக்கில் வராத உப்பும் உண்டு. பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், வற்றல், கருவாடு, கடையில் வாங்கும் மிக்சர், முறுக்கு ஆகியவற்றில் ஒளிந்திருப்பது அது. பழைய சோறு நல்ல உணவு. அதில் குறையில்லை. அதற்குத் துணையாக ஊறுகாயை வைப்பதற்குப் பதில் சின்ன வெங்காயத்தையோ, வேகவைத்த காயையோ, கீரை மசியலையோ வைக்கலாம். இலையில் தனியாக உப்பு வைப்பதை நிறுத்தலாம். சமையலில் திடீரெனப் பாதியாக்கினால் வீட்டில் சண்டை வரும். வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்தால் நாக்கும் பழகிவிடும். கல்லுப்பாயினும் இந்துப்பாயினும் தூளுப்பாயினும் அழுத்தத்தைப் பொறுத்தவரை யாவும் உப்பே.

தட்டில் சோறு மலையாகவும் காய் மடுவாகவும் இருப்பது மற்றொரு குறை. சோற்றைக் குறைத்துப் பருப்பும் காயும் கீரையும் மிகுத்தல் நீரிழிவுக்கும் பருமனுக்கும் தடை. வயிற்றுச் சுற்றளவை அளக்க எல்லார் வீட்டிலும் அளவு நாடா கிடைக்கும். இந்தியருள் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. எடை சரியாக இருந்தும் வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பது நம்மவரிடையே மிகுதி. அதுவும் அபாயமே.

முறையாக அளத்தல்

தவறாக அளந்த அழுத்தம் தவறான வழிக்கு இட்டுச் செல்லும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சைக்கிளை மிதித்துச் சென்று, மூச்சு அடங்குமுன் கையை நீட்டினால் எண் ஏறியே காட்டும். அளப்பதற்கு முன் அரைமணி நேரம் காப்பி, தேநீர், புகையிலை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் பதிய, ஐந்து நிமிடம் அமைதியாக அமர வேண்டும். கை இருதய மட்டத்தில் ஒரு மேசைமேல் தாங்கப்பட்டிருக்க வேண்டும். பட்டையைச் சட்டையின் மேல் சுற்றலாகாது. அளக்கும்போது பேசலாகாது. ஒருமுறைக்கு இருமுறை அளந்து, இரண்டையும் தேதியோடு குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் கண்ட எண்ணை வைத்து அஞ்சவும் வேண்டா, அலட்சியம் செய்யவும் வேண்டா. வேறு நாட்களிலும் அளந்து முடிவு செய்தல் முறை. ஆனால் மேல் எண் 180 அல்லது கீழ் எண் 120 ஆகி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்றும் சேர்ந்தால் ஒரு கணமும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாத்திரையை நிறுத்துவது

நோய் கண்டவர்களில் பலர் செய்யும் பெரும்பிழை ஒன்றுண்டு. மாத்திரை உண்கின்றனர். இரண்டு மாதத்தில் எண் 130-க்கு இறங்குகிறது. உடனே “குணமாகிவிட்டது” என்று நிறுத்திவிடுகின்றனர். எண் இறங்கியது மாத்திரையால் என்பதை மறந்துவிடுகின்றனர். ஏரிக்கரை உறுதியாக இருப்பதால் ஊருக்குள் வெள்ளம் வரவில்லை. வெள்ளம் வரவில்லையே என்று கரையை வெட்டுவார் உண்டோ? நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ அழுத்தம் மீண்டும் ஏறும். சிலவகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது தனியே ஆபத்து. உணவும் நடையும் திருந்தி அழுத்தம் நெடுநாள் தணிந்திருந்தால், அளவைக் குறைப்பது பற்றி வைத்தியரே சொல்வார்.

மாத்திரை பழகிவிடும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற பேச்சும் ஊரில் உலவுகிறது. கட்டுக்கடங்காத அழுத்தமே சிறுநீரகத்தைக் கெடுப்பது. மாத்திரையால் கால் வீக்கம், வறட்டிருமல் போன்ற தொல்லை ஏதும் வந்தால் வைத்தியரிடம் கூறி மாற்றிக்கொள்ளலாம். இம்மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கின்றன. நீண்ட வரிசையில் நிற்க நேரமின்றிப் பலர் பாதியில் விட்டுவிடுவதைக் கண்டே, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு தேடிச் சென்று அழுத்தம் அளக்கவும் மாத்திரை சேர்க்கவும் அத்திட்டம் வழிசெய்தது. நம் தெருப் பெண்மணி ஒருவரே வந்து அளக்கும்போது “எனக்கு ஒன்றுமில்லை அம்மா” என்று திருப்பி அனுப்புவது வீட்டுக்கு வந்த இலட்சுமியைத் திருப்புவது போலாகும்.

காலம் தவறிய உதவி

நம் புள்ளலூரின் மண் ஒரு பாடம் கூறுகிறது. 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி இங்கே கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் சூழ்ந்து முறியடித்தனர். மன்றோவின் பெரும்படை அருகே காஞ்சிபுரத்திலேயே இருந்தது. ஆயினும் தக்க தருணத்தில் வந்து சேரவில்லை. உதவி அருகில் இருப்பது வேறு, வேளையில் கிடைப்பது வேறு.

மாரடைப்பிலும் அவ்வாறே. நடுநெஞ்சில் பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம், அது இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை இதன் குறிகள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் வலி குறைந்து, மேல்வயிற்றுச் சங்கடமும் குமட்டலும் பெருஞ்சோர்வும் மட்டுமே தோன்றலாம். இதை வாயு என்று எண்ணிச் சோடா குடித்தும், ஓமநீர் அருந்தியும், விடியட்டும் என்று காத்தும் கழியும் ஒவ்வொரு நாழிகையிலும் இருதயத் தசை மாண்டுகொண்டிருக்கிறது. 108 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். நோயாளியை நடக்கவிடலாகாது, தாமே வண்டி ஓட்டிச் செல்லவும் விடலாகாது. 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ், மாரடைப்பு என ஐயுறும் நிலையில் முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கே வழங்கப்பட்டன. முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் குறிகள். அதற்கும் இதே விரைவு வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

முப்பது வயது கடந்த அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குக. வயது, பெற்றோர் உடன்பிறந்தாருக்கு வந்த நோய், புகையிலை உண்டா இல்லையா, வயிற்றுச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, வீட்டில் மாதம் செலவாகும் உப்பு என எட்டு வரிகள் போதும். தெரியாத வரி எதுவோ, அதை இம்மாதத்திலேயே தெரிந்துகொள்க. அந்த நோட்டை வைத்தியரிடம் எடுத்துச் சென்றால், வெறுங்கையோடு சென்று “ஒன்றுமில்லை, சும்மா வந்தேன்” என்பதைவிடப் பன்மடங்கு பயன் விளையும். வீட்டுப் பெண்களுக்கும் தனித்தனிப் பக்கம் வேண்டும். குடும்பத்தார் எல்லோருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தம் அழுத்தத்தை ஒருநாளும் பாராத தாய்மார் நம்மிடையே மிகப்பலர்.

நம் சங்கங்களும் ஒன்று செய்யலாம். கூலிப் பட்டுவாடா நாளிலும் பொதுக்குழு நாளிலும் அங்கத்தினர் எப்படியும் கூடுகின்றனர். ஆரம்ப சுகாதார நிலையத்தாரை முன்கூட்டியே வேண்டிக்கொண்டால் அன்றைக்கே ஒரு மேசையும் நாற்காலியும் இட்டு யாவருக்கும் அழுத்தம் அளக்கலாம். ஒருவர் மட்டும் செய்ய நாணுவதை நூறு பேர் சேர்ந்து செய்யும்போது நாணமில்லை. கூட்டுறவு என்பதன் பொருளும் அதுவே.

பாவில் ஓரிழை அறுந்தால் நெசவாளர் உடனே நிறுத்தி முடிச்சிடுகிறார். அறுந்த இழை தானே சேரட்டும் என்று மேலும் நெய்வதில்லை. வரப்பில் நண்டு வளை கண்டால் விவசாயி அன்றே அடைக்கிறார். அந்தக் கண்ணை ஒருமுறை நம் தேகத்தின்மேலும் திருப்புவோம். கணக்குக் காட்டாதவன் குடும்பமும் தண்டனை பெறும் என்று உத்தரமேரூர்க் கல்வெட்டு விதித்தது. தேகத்தின் கணக்கைப் பாராதவன் குடும்பம் அத்தண்டனையை இன்றும் பெறுகிறது. அதை விலக்குவது நம் கையில் இருக்கிறது.